உன் கழுத்துக்குள் போன கம்பி

அக்கா,

போன வாரம் செம்மேட்டில் என் மொபெட்டைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தேன். பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக் கைப்பிடியைக் கழற்றி, கறுப்பு உறைக்குள்ளிருந்து பழைய கேபிளைப் பிடித்து இழுத்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. சின்ன வண்டிக்குள் இத்தனை நீளம் எங்கே கிடந்தது என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார். வாசலில் கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். வெயிலுங்களா, தண்ணி வேணுமுங்களா என்று மெக்கானிக் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கேபிளைத் தரையில் சுருட்டிப் போடும் வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உன்னை இழந்த துக்கத்தோடு இருக்க ஒருவாறு பழகிவிட்டேன். அந்தத் திகைப்போடு இருக்கத்தான் இன்னும் பழகவில்லை. துக்கம் வரும்போது முன்னால் ஒரு குரல் கொடுத்துவிட்டு வருகிறது. தீபாவளிக்கு முன்னால், ஊர் நோம்பித் திருவிழாவுக்கு முன்னால், உன் மகளின் பிறந்தநாளுக்கு முன்னால். இது அப்படி இல்லை. மெக்கானிக் கடையில் வந்து தோளைத் தொடுகிறது.

தொண்ணூற்றெட்டில் தலைப்பிரசவத்துக்கு நீ மலைமேல் தேவனூர் நாட்டில் நம் வீட்டுக்கு வந்திருந்தாய். மச்சான் மலையின் இன்னொரு பக்கம், பெரக்கரை நாட்டில் மிளகு பறிப்பில் இருந்தார். காலையில் வலி எடுத்தது. வெயில் ஏறுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டு நான் வெளியே நின்று சிரித்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. அம்மா வெளியே வந்தபோது முழங்கை வரை ரத்தம். நஞ்சுக்கொடி விழவில்லை, உதிரம் நிற்கவில்லை, வண்டி பார் என்று சொன்னாள்.

உன்னைக் கம்பளியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஜீப் நின்றிருந்தது. டிரைவர் உன் முகத்தைப் பார்த்தார். ஏற்றிய பழங்களை எல்லாம் ரோட்டோரம் உருட்டிவிட்டுப் பின்னால் இடம் செய்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அம்மா உன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். வளைவுக்கு வளைவு நீ ஒரு பக்கம் சரிவாய். நான் உன்னைப் பிடித்து நேராக்குவேன். பாதி மலை இறங்கும்போது நீ என்னிடம் கேட்டது இதுதான்: "ஏன் சாமி, இப்பவே இருட்டிருச்சு?" வெளியே உச்சி வெயில்.

அடிவாரத்து ஊரில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். நர்ஸும் ஒருவர்தான். உன் இரண்டு கைகளிலும் ஊசி குத்திப் பார்த்தார்கள், காலில் குத்திப் பார்த்தார்கள். நரம்பு எல்லாம் அமுங்கிப் போய்விட்டது, மருந்தும் ரத்தமும் ஏற்ற வழி இல்லை என்றார் டாக்டர். கழுத்தில் இருக்கும் பெரிய நரம்பில் குழாய் போட வேண்டும் என்றார். கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். உன் தலையை இடப்பக்கம் திருப்பி அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. என்னைப் பிடிக்கச் சொன்னார்.

உன் நெற்றி ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. கழுத்தில் மருந்து தடவி ஊசியை இறக்கினார். கறுத்த ரத்தம் வந்ததும், கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வளையமாகச் சுருட்டி வைத்திருந்த மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஊசி வழியாக உள்ளே விட்டார். முதலில் கம்பி, அதன் மேல் குழாய், பிறகு கம்பியை உருவிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கணக்கு. அன்று எனக்குத் தெரிந்தது, ஒரு கம்பி உன் கழுத்துக்குள் போகிறது என்பது மட்டும்தான். அந்த நேரத்தில் நாடி கிடைக்கவில்லை என்று நர்ஸ் சொன்னார். டாக்டர் ஒரு கையால் கழுத்தைப் பிடித்தபடி மறு கையை உன் மார்பில் வைத்தார். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று யாரோ என் தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். உன் ரத்த வகையும் என் ரத்த வகையும் ஒன்றாக இருந்தன. ஜீப் டிரைவருடையதும் சேர்ந்தது. அவரும் நானும் அடுத்தடுத்த பெஞ்சில் படுத்துக்கொண்டு மேலே ஓடாமல் நின்ற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரன்ட் இல்லை.

சாயங்காலம் நீ கண் திறந்தாய். முதலில் குழந்தையைக் கேட்டாய். மகள்தான், நன்றாக இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அந்த டாக்டர் அதுவரை உன் கட்டிலை விட்டு நகரவில்லை. நீ பேசியதும் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அவர் அழுதார் என்று அம்மா சொல்வாள். தண்ணீர்தான் என்று நான் சொல்வேன். நீ இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, "போன உசுரக் கழுத்தப் புடிச்சு நிறுத்துன மனுசன், அழுதா என்ன, கழுவுனா என்ன" என்பாய்.

அந்த வார்த்தையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய். பலா பழுக்கும் காலம் வந்தால் முதல் நல்ல பழம் அவருக்குத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாய். கண்டக்டர் லக்கேஜ் என்பார், நீ பிள்ளை என்பாய். டாக்டர் அந்த ஆஸ்பத்திரியை விட்டு அதே ஊரில் சொந்தமாகக் கிளினிக் வைத்த பிறகும் பழம் போனது. ஒவ்வொரு முறையும் உன் மகள் பொன்னியைத் தூக்கிக் காட்டுவாய். அவர் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

பொன்னி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் உனக்கு இருமல் விடவில்லை. இடையிடையே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாய். டாக்டர் அப்போது வெளியூர் போயிருந்ததால் அதே ஊரில் வேறொரு பெண் டாக்டரிடம் போனோம். படம் எடுத்து வரச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் நான் வெளியே நின்றேன். எடுக்கிற ஆள் வெளியே வந்து, கழுத்தில் இருப்பதை எல்லாம் கழற்றச் சொன்னாயே, சொன்னது அந்தம்மாவுக்குக் காதில் விழவில்லையா என்று தன் உதவிப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டார். அந்தப் பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தாலிக்கயிறுகூட என் கையில்தான் இருக்கிறது என்று காட்டினாள். உன்னை மறுபடியும் நிற்க வைத்தார்கள். ரவிக்கை ஊக்கு, கொண்டை ஊசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மறுபடியும் படம் எடுத்தார்கள். ஈரப் படத்தை அந்த ஆள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, உங்க அக்காளுக்கு எப்பவாச்சும் பெரிய ஆப்ரேசன் ஏதும் நடந்துச்சுங்களா?"

இல்லை என்றேன். அவர் விரலால் காட்டினார். உன் கழுத்தின் வலப்பக்கம் தொடங்கி, முதுகெலும்பை ஒட்டி, வெள்ளையாக ஒரு கோடு. நூல் பிடித்தது போல இறங்கிப் படத்தின் கீழ் ஓரத்தைத் தாண்டிப் போயிற்று. அது எங்கே முடிகிறது என்று படத்தில் இல்லை.

பெண் டாக்டர் படத்தைப் பார்த்த உடனே கேட்டது, கழுத்தில் எப்போது குழாய் போட்டார்கள் என்று. நீ கையை எடுத்துக் கழுத்தில் வைத்தாய். அங்கே ஒரு பொட்டளவு தழும்பு இருந்தது. பிரசவத்தில் என்றாய். குழாய் போட உதவும் கம்பி இது, வேலை முடிந்ததும் உருவியிருக்க வேண்டும், உருவாமல் உள்ளேயே போய்விட்டது என்று அவர் சொன்னார். கழுத்து நரம்பில் தொடங்கி இதயத்தின் வலப்பக்கம் வழியாக வயிற்றுக்குள் இறங்கி இருக்கிறது. குழாய் போட்ட அன்றைக்கே ஒரு படம் எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கரன்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் யார் எடுப்பார்கள்? இருமல் வெறும் சளிதான், மாத்திரை போதும். ஆனால் இந்தக் கம்பியைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும் என்றார்.

நீ ஒரு கேள்விதான் கேட்டாய். "இது இருக்கறப்பவா நான் மரவள்ளி மூட்டை தூக்குனேன்?"

ஆமாம் என்றார் அவர்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய். ஒவ்வொரு வளைவிலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாய். எனக்கு அன்று எல்லாக் கம்பியும் கண்ணில் பட்டது: ஜன்னல் கம்பி, மேலே பிடித்துக்கொள்ளும் கம்பி, ரோட்டோரத்துத் தடுப்புக் கம்பி. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ நாற்று நட்டது, பலா மரத்தில் ஏணி வைத்து ஏறியது, திருவிழாவில் ஆடியது, பொன்னியை முதுகில் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனது, எல்லாவற்றிலும் அது உள்ளே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் தனியாக அதிர்ந்தேன். நடந்து முடிந்த காரியங்களுக்கு இப்போது பயப்படுவது என்ன புத்தி என்று கேட்பாய். ஆனால் அப்படித்தான் பயந்தேன்.

அதற்குப் பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டாய். உடம்போடு சேர்ந்து திரும்புவாய். குனிய மாட்டாய். குடம் எடுக்க மாட்டாய். பொன்னி ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனால் கையை நீட்டித் தள்ளி நிறுத்துவாய். அவள் என்னிடம் வந்து, அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் மாமா என்று கேட்டாள். ஊரில் தினம் யாராவது வந்து பார்த்தார்கள். உன் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பி தெரிகிறதா என்று ஒரு கிழவர் கேட்டே விட்டார். மச்சான் கொதித்தார். அந்த டாக்டரைச் சும்மா விடக் கூடாது என்றார். கீழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருவர், தெரிந்த வக்கீல் இருக்கிறார், கேஸ் போடலாம் என்றார். எனக்கும் அந்த டாக்டரின் முகத்தை நினைத்தாலே கை முறுக்கிக்கொண்டது. வருஷா வருஷம் அவர் உன் கையால் பழம் வாங்கினார் என்பதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். விட்டுவைத்தால் கம்பி மேல் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், இதயத்தை உரசலாம், உடைந்து நகரலாம் என்றார்கள். எடுப்பதிலும் ஆபத்து உண்டு. இத்தனை வருஷத்தில் நரம்பின் சுவரோடு ஒட்டியிருக்கும், இழுக்கும்போது கிழியலாம். தொடை வழியாக ஒரு குழாயை விட்டுச் சுருக்குப் போட்டு இழுத்துப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். மச்சான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நீ அந்தப் பெரிய டாக்டரிடம், நான் ஒருத்தரைப் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு எடுங்கள் என்றாய்.

யாரை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் வர மறுத்தார். அவர் வந்தால் அடித்துவிடுவார் என்று நீயும் கூப்பிடவில்லை. நானும் நீயும்தான் போனோம். கிளினிக்கில் கூட்டம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் டாக்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். பலாப்பழக் காலம் இல்லையே, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார். நீ படத்தை நீட்டினாய். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்தார்.

அக்கா, ஒரு மனிதனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அதற்கு முன் உன் முகத்தில்தான் பார்த்திருந்தேன், ஜீப்பில். அன்று அவர் முகத்தில் பார்த்தேன். படத்தை வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினார். பின்னாலேயே நாற்காலி இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. நான்தான் நகர்த்திக் கொடுத்தேன். அடிக்க வந்த கை அது.

யார் போட்டது, எங்கே போட்டது, வேறு ஆஸ்பத்திரியில் ஏதாவது செய்தார்களா என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நான்தான்மா. நான் உருவலை" என்றார்.

நீ அவரைப் பார்த்தபடி நின்றாய். "நீங்க இல்லீன்னா நான் அன்னிக்கே மண்ணுக்குள்ளீங்க. அத மறக்க மாட்டேன். ஆனா இது தெரிஞ்ச நாள்ல இருந்து என்ற புள்ளயத் தொட்டுத் தூக்கலீங்க. அதையும் மறக்க மாட்டேன். ரெண்டும் நெசம். உங்களுக்குத் தெரியாம இருக்கப்படாதுன்னு வந்தேன்."

அவர் மன்னிப்புக் கேட்டாரா? கேட்டார் என்று மச்சானிடம் நான் சொன்னேன். உண்மையில் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நீ படத்தை எடுத்துச் சுருட்டிக்கொண்டு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டு வரும் வரை வேகமாக நடந்தாய்.

கம்பி எடுக்கும் நாளன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த டாக்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்டதற்கு, பெண் டாக்டரிடம் விசாரித்து அங்கிருந்த டாக்டர்களைத் தானே கூப்பிட்டுப் பேசியதாகவும், அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். மச்சான் அவரைப் பார்த்ததும் எழுந்தார். நான் குறுக்கே போனேன். மச்சான் அவரிடம் போய் நின்றார். அவரும் எழுந்து நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ள நிற்கிற மாதிரி நின்றார். மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் சாப்பிடவில்லை.

உன் தொடை நரம்பு வழியாகச் சுருக்கை ஏற்றி, டிவி மாதிரியான பெட்டியில் பார்த்துப் பார்த்துக் கம்பியின் கீழ்நுனியைப் பிடித்தார்களாம். இதயத்தைத் தாண்டும் வரை வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கழுத்துப் பக்கம் பிடித்துக்கொண்டது. மெல்ல இழுத்திருக்கிறார்கள். அறுந்துவிட்டது. பெரும்பகுதி கையோடு வந்தது. மேலே ஒரு சிறு துண்டு மட்டும் நரம்புச் சுவருக்குள் பதிந்து நின்றுவிட்டது. அதன் மேல் சதை மூடிவிட்டது, இனி அது நகராது, தோண்டினால்தான் ஆபத்து, விட்டுவிடலாம் என்று வெளியே வந்து சொன்னார்கள். விட்டுவிடலாம் என்ற வார்த்தையைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தினோம். அந்த ஒரு வினாடி மட்டும் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை.

நீ மயக்கம் இல்லாமல்தான் இருந்தாய். எடுத்த கம்பியைத் தட்டில் வைத்துக் காட்டினார்களாம். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாயாம். வார்டுக்கு வந்ததும் என்னிடம் அதைத்தான் சொன்னாய். "இத்தன மெல்லிசா இருக்குது கண்ணு. நான் என்னமோ கடப்பாரை கணக்கா நெனச்சுட்டு இருந்தேன்." வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்று சொன்னார்கள். எங்க ஊட்டுக்கு எதுக்குங்க அது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

மிச்சத் துண்டைப் பற்றி நாங்கள்தான் பயந்துகொண்டிருந்தோம். நீ பயப்படவில்லை. தெரியாமல் இருந்ததுதான் உன்னை அடித்துப் போட்டிருந்தது. எது, எங்கே, எவ்வளவு என்று தெரிந்ததும் உன் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. தையல் போட்ட இடம் ஆறியதும் ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் போக நின்ற பொன்னியைப் பின்னாலிருந்து தூக்கிவிட்டாய். கையும் காலும் தொங்க, அவள் வெட்கத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கத்தினாள். நீ இறக்கவில்லை. ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டே போனாய்.

அடுத்த பலாக் காலத்தில் நீ என்ன செய்வாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. நீ அவரைத் திட்டவும் இல்லை. யாராவது திட்டினால் எழுந்து போய்விடுவாய். மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பழத்தை என் வண்டியில் கட்டி, டாக்டர் ஊட்டுல குடுத்துரு என்றாய். நீ வரவில்லையா என்றேன். பழம் போனால் போதும் என்றாய். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கழுத்துக் குழாய் போட்டால் உருவிய கம்பியை மேஜைமேல் எடுத்து வைத்து, நர்ஸ் அதைப் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை, இப்போது தன்னிடம் வேலை பழக வருகிற இளம் டாக்டர்களுக்கும் அதையே சொல்வதாகச் சொன்னார். உன்னிடம் வந்து சொன்னேன். சரி என்றாய். அன்று மாலை வெகுநாளைக்குப் பிறகு கொழுந்து வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

இப்படியே போயிருக்க வேண்டும்.

அந்த வருஷம் மாசி மாதம், ஒரு முற்பகலில் உன் வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் மிளகு விலை கேட்டுவிட்டு அந்த வழியாக வந்தேன். காபி போட்டுக் கொடுத்தாய். பொன்னி அந்த வருஷம் ஆறாம் வகுப்பு; அவளுக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கீழே கூட்டிப் போகிறாயா என்று கேட்டாய். போகலாம் என்றேன். வெயில் அதிகமாக இருக்கிறது, செத்த நேரம் படுக்கிறேன் என்று உள்ளே போனாய். நான் வாசலிலேயே உட்கார்ந்து, நீ விட்ட கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தேன். கோழி வந்து கொத்தியது; விரட்டினேன். மச்சான் காட்டிலிருந்து வந்து, எங்கே உன் அக்கா என்றார். தூங்குகிறாள் என்றேன். அவர் உள்ளே போனார்.

அதை நான் இன்னும் நம்பவில்லை. சுவர் ஒரு அடி கனம்கூட இல்லை. அந்தப் பக்கம் நீ போய்க்கொண்டிருந்தாய், இந்தப் பக்கம் நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. கன்னத்தில் கை வைத்து, நீ எப்போதும் படுக்கிற மாதிரியே படுத்திருந்தாய்.

செய்தி கேட்டு டாக்டர் மலை ஏறி வந்தார். நான் சொல்லவில்லை, யார் சொன்னார்களோ. கூட்டம் விலகி வழி விட்டது. எல்லோரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது, அந்தத் துண்டாக இருக்குமா என்று. அவர் உன்னைப் பார்த்துவிட்டு, என்னையும் மச்சானையும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார்.

"தெரிஞ்சுக்கணும்னா தெரிஞ்சுக்கலாம். கீழே கொண்டுபோனா பரிசோதனை பண்ணிச் சொல்லிடுவாங்க. நான் கூட வர்றேன். அதனாலதான்னு வந்தா வரட்டும். என்னை நினைச்சு வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

எனக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது, அக்கா. இன்றும் இருக்கிறது. போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மச்சான் முந்திக்கொண்டார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த மனிதரோடு பேசிய முதல் பேச்சு அது. "போதுமுங்க. அவள இனி யாரும் தொறக்க வேண்டாம்."

டாக்டர் தலையசைத்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மண் போடும்போது வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது கைப்பிடி மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொள்ளாமல் அப்படியே நடந்து போனார்.

எதனால் என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டாக இருக்கலாம். பிரசவத்தில் இழந்த ரத்தத்தை உன் இதயம் மறக்காமல் இருந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், மனிதர்கள் போகிற மாதிரி நீ போயிருக்கலாம். காரணம் தெரிந்திருந்தால் அந்த ஆள் மேல் கோபப்பட்டு முடித்திருப்பேன், அல்லது விட்டிருப்பேன். இரண்டும் செய்ய முடியாத இந்தத் தெரியாமை என்னோடு இருக்கிறது. பகலில் யாராவது கொஞ்சம் படுக்கிறேன் என்று சொன்னால் நான் அந்த வீட்டை விட்டு நகருவதில்லை. என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தபடியே, உள்ளே படுத்துக்கொண்டு சும்மாவாவது ஒரு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

பொன்னி பெரிய பெண்ணாகிவிட்டாள். நர்ஸுக்குப் படிக்கிறாளா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, அவளுக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது. கணக்குப் படிக்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் என்னிடம்தான் கேட்பாள், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று. மச்சானிடம் கேட்க மாட்டாள். நான் முதலிலிருந்து சொல்லுவேன். ஜீப், பலாப்பழம், ஓடாத ஃபேன், எக்ஸ்ரே, கிளினிக், பெஞ்சு, எதையும் விடுவதில்லை. டாக்டரை நல்லவராகவும் ஆக்குவதில்லை, கெட்டவராகவும் ஆக்குவதில்லை. கோயம்புத்தூர் வரைக்கும் வந்து, கம்பியைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் என் பேச்சு நின்றுவிடும்.

"அப்புறம் மாமா?" என்பாள்.

"அப்புறம் உங்கம்மா எந்திரிச்சு, மரவள்ளிக் காட்டுக்குப் போயிட்டா கண்ணு" என்பேன்.